குளிருக்கு வந்த ஏ.சி.

கோயம்புத்தூரிலிருந்து மாற்றலாகி ஊட்டிக்கு வந்தபோது லாரியில் ஏர்கூலரையும் ஏற்றிக்கொண்டு வந்தவன் நான். அதனால் நடுவட்டம் பஸ்ஸில் முன் சீட்டிலிருந்த பெண், "எங்கூட்டுக்கு ஏ.சி. வாங்கிட்டமுங்கக்கா" என்றபோது, சிரிக்கும் தகுதி எனக்கு இல்லை. அவள் பக்கத்தில் இருந்த அம்மாள் எனக்கும் சேர்த்துச் சிரித்தார்.

"இந்தக் குளிருக்கா? அதுவும் தேயிலை விக்கிற வெலைல?"

"அந்த வெலைனாலதானுங்க. எலைய நம்பிப் பொழைக்க முடியலீன்னு, எங்கூட்டுக்காரரு முன்ரூமுல கம்ப்யூட்டர் போட்டு பசங்க காசு குடுத்து ஆடற மாதிரி கேம் வெச்சாரு. மிஸ்ட்டு உள்ள வருதுன்னு சன்னலைச் சாத்துனா கம்ப்யூட்டர் சூட்டுல ரூமே கொதிக்குது. பாதி ஆட்டத்துல மெஷின் நின்னுபோயிருது. பசங்க வர்றதையே நிறுத்திட்டாங்க."

"அப்புறம்?"

"உருட்டிட்டுப் போற ஏ.சி. ஒண்ணு வாங்குனோம். பின்னால சூட்டுக் காத்து போறதுக்குக் குழாய் இருக்குதுங்க. அவரு சன்னல் வழியா வெளிய உடப் பாத்தாரு. நான்தான் அதைப் பக்கத்து ரூமுக்குத் திருப்பி, அங்க துணி காயப்போடக் கொடி கட்டிட்டேன். பசங்களும் வந்துட்டாங்க, வாரக்கணக்குல காயாத துணியும் காஞ்சிருது."

சிரித்த அம்மாள் அவள் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார். பிறகு, "ஏனுங்க அம்மிணி, எங்கூட்டுக் கம்பளியை நாளைக்குக் கொண்டாரட்டுமா?" என்றார்.

வீட்டுக்கு வந்து இதை வாய் ஓயாமல் வியந்து சொன்னேன்.

"உங்க ஏர்கூலர்ல நான் வெங்காயம் கொட்டி வெச்சப்ப, இப்படி ஒரு வார்த்தை சொல்லலீங்களே" என்றாள் மனைவி.