மொட்டை மாடிக்குக் கீழ் ஒரு நாய்

— இல்ல சார், நம்பரை நீங்க கையால போட்டுட்டு வந்திருக்கீங்க. அதான் கம்ப்யூட்டர் கோவிச்சுக்குது.

— நான் போடாம வேற யாருமா போடுவா? குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர் நானா, உன் கம்ப்யூட்டரா?

— நீங்கதான். ஆனா நீங்க ஒரு ஒண்ணு போட்டிருக்கீங்க. இது ஹெடிங்னு நான் சொன்னதும் அதுவும் தன் பங்குக்கு ஒரு ஒண்ணு போடுது. படிங்க: 'ஒண்ணு, ஒண்ணு, வண்டி நிறுத்துமிடம்.' மைக் டெஸ்ட் பண்ற மாதிரி இல்ல?

— சரி சரி, என்னோடதை அழிச்சிடு. சாயந்திரம் கூட்டத்துக்குள்ள இந்த விதிப் பட்டியலைப் பிரிண்ட் எடுத்தாகணும்.

— அழிச்சாச்சு. இனிமே கேளுங்க. பெரிய தலைப்பு ஹெடிங் ஒன். அதுக்குக் கீழ வர்றது ஹெடிங் டூ. அதுக்கும் கீழ ஹெடிங் த்ரீ. எது எதோட பிள்ளைன்னு நாம சொன்னா போதும், நம்பரை அதுவே போட்டுக்கும்.

— நான் ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டித்தான் உள்ள தள்ளினேன்.

— தெரியுது சார். ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு இடத்துல நிக்குது, பஸ்ஸுக்குக் காத்திருக்கிற கூட்டம் மாதிரி. டீ ஆறுது, குடிங்க.

— இது என்னமா, விதி நாலு? பக்கத்துல ஒண்ணையும் காணோமே.

— அங்க சும்மா ஒரு என்டர் தட்டியிருக்கீங்க. காலி வரிக்கும் ஹெடிங் விழுந்து, நம்பர் வந்துடுச்சு.

— அது இருக்கட்டும். இந்தக் கட்டிடத்துல யாரும் மீறாத விதி அது ஒண்ணுதான்.

— அட, உங்களுக்கு ஜோக்கெல்லாம் வருமா சார்! எடுத்துட்டேன். பாத்தீங்களா, அஞ்சாவதா இருந்த மொட்டை மாடி தானா நாலாவதுக்கு நகர்ந்து உக்காந்துடுச்சு.

— பரவாயில்லையே, சொல்லாமலே நகருதே. நம்ம ஜனங்க கூட்டத்துல ஒரு நாற்காலி நகர மாட்டாங்க. பிராணி விதி வந்துடுச்சா?

— வந்துடுச்சு. என் நாயை விரட்டற விதியை என் கையாலயே அழகு பண்ண வெச்சுட்டீங்க.

— இந்த வேலை வேற யாருக்குமா தெரியும்? எனக்கு மட்டும் ஆசையா? மூணாவது மாடி டாக்டரம்மா புகார் மேல புகார். இன்னிக்குக் கை தூக்கி நிறைவேத்திட்டா...

— அடுத்த வாரம் அதை அக்கா வீட்ல கொண்டு போய் விடணும். தெரியும் சார். வீட்டுக்கு வந்தா என்னைப் பாத்து சந்தோஷப்படற ஒரே ஜீவன் அது. எப்பவும் பின்கட்டுல திரியறதை, நீங்க வர்றீங்கன்னுதான் இப்ப வாசல் பக்கம் கட்டிட்டு வந்தேன்.

— டீ கிளாஸை எங்கமா வைக்கட்டும்?

— ஒண்ணு சொல்லணும்.

— நாயைப் பத்தின்னா வேண்டாம். ரூல்னா ரூல்.

— நாயைப் பத்தித்தான். ரூலைப் பத்தியும்தான். நான் எதையும் இடம் மாத்தல சார். நீங்க எழுதின வரிசையிலயே போட்டேன். நாலு, மொட்டை மாடி. நாலு புள்ளி ஒண்ணு, துணி காயப் போடும் கயிறு. நாலு புள்ளி ரெண்டு, தண்ணீர்த் தொட்டி மூடி. நாலு புள்ளி மூணு, வளர்ப்புப் பிராணிகளுக்கு அனுமதி இல்லை.

— அதுக்கென்ன?

— இது மொட்டை மாடியோட பிள்ளையா இருக்கு. அப்படின்னா மாடியில மட்டும்தான் அனுமதி இல்லை. வீட்ல தாராளமா இருக்கலாம்.

— நான் மொத்தக் கட்டிடத்துக்கும்தானே எழுதினேன்!

— உங்க மனசுல அப்படி. பேப்பர்ல இப்படி.

— யாரும் கவனிச்சிருக்க மாட்டாங்களே. நீ பேசாம இருந்திருக்கலாமே.

— இருந்தேன். தொட்டி மூடியையே திரும்பத் திரும்பப் படிச்சுட்டு உக்காந்திருந்தேன், நீங்க பாக்கலையா?

— அப்புறம் ஏன் சொன்ன?

— ஆபீஸ்ல மெஷினுக்குக் கையேடு எழுதற வேலை சார் எனக்கு. ஒரு எச்சரிக்கை தப்பான தலைப்புக்குக் கீழ போய் உக்காந்தா, எங்கயோ யாரோ ஒருத்தர் விரல் போயிடும். அந்தப் பழக்கம். சொல்லாம விட்டா நாய் இருந்திருக்கும். ஆனா அதைத் தடவிக் குடுக்கும்போதெல்லாம் எனக்கு உங்க மூஞ்சி ஞாபகம் வரும். அது வேண்டாம்னு தோணுச்சு.

— என் மூஞ்சிக்கு என்னமா குறை?

— ஒரு குறையும் இல்ல. நாயோட சேர்த்து நினைக்க முடியாது, அவ்வளவுதான்.

— சரி. இப்ப என்ன செய்யணும்?

— ஷிஃப்ட்டைப் பிடிச்சுட்டு டேப்பை ஒரு தட்டு. மொட்டை மாடியை விட்டு வெளிய வந்து, அஞ்சுன்னு தனி விதியா நிக்கும். விரலை வெச்சுட்டேன். சொல்லுங்க.

— அழறியாமா?

— அது பாட்டுக்கு வரட்டும் சார், அதுக்கு ஹெடிங் கிடையாது. தட்டவா?

— தட்டு. ரூல்னா ரூல்.

— ஆச்சு. அஞ்சு, வளர்ப்புப் பிராணிகளுக்கு அனுமதி இல்லை. பெரிய எழுத்துல, பளிச்சுனு. பிரிண்ட் குடுக்கறேன்.

— இரு, இரு. அதுக்குக் கீழ ஒரு பிள்ளை வேணும்.

— அஞ்சு புள்ளி ஒண்ணா? சரி. என்ன எழுதட்டும்?

— 'விதிவிலக்கு'ன்னு எழுது.

— டாக்டரம்மா மீன் தொட்டிக்கா?

— கிண்டல் பண்ணாத. அதுக்கும் கீழ இன்னொண்ணு, உன் ஹெடிங் த்ரீ. 'தனியாக வாழும் முதியவருக்குப் பகல் நேரத்தில் துணையாக இருக்கும் நாய்க்கு இவ்விதி பொருந்தாது.'

— சார், உங்க நல்ல மனசு புரியுது. ஆனா இது கூட்டத்துல நிக்காது. நான் தனியா இருக்கேன், வாஸ்தவம்தான். முதியவர்னு சொன்னா யார் நம்புவா? அதுவும் பகல்ல நான் வீட்லயே இருக்கறது இல்லையே.

— உன்னை யாருமா சொன்னா? நீ ஆபீஸ் கிளம்பினதும் பின்கட்டுல நம்ம ரெண்டு வீட்டுக்கும் நடுவுல இருக்கற சுவரைத் தாண்டிக் குதிச்சு வந்து, சாயந்திரம் உன் ஸ்கூட்டர் சத்தம் கேக்கற வரைக்கும் அது என் கட்டில்லதான் தூங்குது.