கதிரையில் ஏறி இருந்த குளிசை

“குளிசை கதிரையில ஏறி இருந்திட்டுது மதினி. இனி ஹோமோன் வந்தாலும் அதுக்கு இருக்க இடமில்ல.”

மூதூர் பஸ் துறைமுகத்து ஓரமாக நின்றது. எனக்கு முன் சீட்டில் கிளினிக் கொப்பியோடு இரண்டு பெண்கள். இதைச் சொன்னவளுக்கு முப்பது வயதிருக்கும். மற்றவள் அவளுடைய கணவரின் அக்கா.

“விளங்கல்ல.”

“மார்பில வந்த கட்டியை வெட்டி எடுத்தாச்சு. ஆனா மிஞ்சிக் கிடக்கிற புற்றுநோய்க் கலத்துக்குள்ள ஒரு புரதம் இருக்காம். அதுதான் கதிரை, ஹோமோன் குந்துற இடம். ஹோமோன் வந்து அதில ஒட்டினா, அது மரபணுவை எழுப்பி ‘வளர்’ எண்டு சொல்லுமாம். நான் விழுங்கிற குளிசை போய் ஹோமோன்ட இடத்தைப் பிடிச்சிட்டா, அதுக்கு எழுப்ப ஏலாது.”

“அது சரி. குளிசையை விட்டாத்தானே பிள்ளை பெறலாம்? உம்மா பேரப்பிள்ளை எங்க எண்டு கேட்டுக்கொண்டே இருக்கிறா.”

“அஞ்சு வருஷம் எண்டு டொக்டர் சொன்னவ. இப்பதான் ரெண்டு முடிஞ்சிருக்கு. நான் விட மாட்டன்.”

மதினியின் போன் அடித்தது. உம்மாதான். இளையவள் அதைக் கையிலிருந்து வாங்கினாள்.

“மாமி, நான்தான் கதைக்கிறன். குளிசையை நிப்பாட்ட மாட்டன். நீங்கள் கோவிச்சாலும் பரவாயில்ல. பிள்ளை பிறந்தா அதுக்கு உம்மாவும் உயிரோட இருக்கோணும்.”

அந்தப் பக்கத்துச் சத்தம் எனக்கே கேட்டது. அவள் குரலை உயர்த்தவில்லை. “மாட்டன்” என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

மதினி போனைக் காதில் வைத்து உம்மா சொல்வதைக் கேட்டாள்.

“உம்மா, அவ சொல்லுறதுதான் சரி,” என்றாள் பிறகு. “இனி இந்தக் கதையை வீட்டில எடுக்காதீங்க.”