பகுமே மாதத்து உத்தரவாதம்

— இஷி, அக்கா, இஷி. முதல்ல உக்காருங்க. ஒரு காப்பி குடிங்க, பேசலாம்.

— உன் இஷியை மடிச்சு மேசைக்குள்ள வை, ஷிஃபராவ். சரி, சரின்னே ஒரு வருஷத்தை ஓட்டிட்ட. ஜிம்மாவுல விடியறதுக்குள்ள பஸ் ஏறி, வழியில சேத்துல இறங்கி அந்த பஸ்ஸைத் தள்ளி, அடிஸ் அபாபா வந்து நிக்கறேன். இந்த லேப்டாப்போட இது நாலாவது தடவை! இந்தா உன் லேப்டாப். பிடி.

— இந்தத் தடவை என்ன பண்ணுது?

— என்ன பண்ணுமா? அதேதான். நாலு வரி அடிச்சா பொசுக்குன்னு அணைஞ்சுடுது. முதல் தடவை விசிறியில தூசின்ன. அடுத்த தடவை பேட்டரின்ன. மூணாவது தடவை, "ஜிம்மாவுல கரண்ட் சரியில்லக்கா"ன்னு எங்க ஊர் மேலயே பழியைப் போட்ட. இப்ப என்ன, என் விரல் சரியில்லன்னு சொல்லப் போறியா?

— விரலைச் சொல்லுவேனா அக்கா? வெச்சுட்டுப் போங்க. நாளைக்குப் பாத்துடலாம்.

— நாளைக்கு! பிர்க்கேம்மா, நீங்க இந்தக் கடை வாசல்ல காப்பி ஊத்தி எத்தனை வருஷம் ஆச்சு?

— ஆறு வருஷம் கண்ணு.

— இந்தத் தம்பி சொன்ன நாளைக்குல ஒண்ணாவது வந்து பாத்திருக்கீங்களா?

— வந்துக்கிட்டு இருக்கும், வழியில பஸ்ஸு சேத்துல மாட்டியிருக்கும். நீ குடி, ஆறிடும்.

— பிர்க்கேம்மா, நீங்க வேற எரியற நெருப்புல எண்ணெயை ஊத்தாதீங்க.

— எனக்கு ரிப்பேர் வேண்டாம் தம்பி. இந்தா உத்தரவாத அட்டை. படி. வாங்கினவர் பேர், வொய்ன்ஷெத். நான்தான். கீழ என்ன போட்டிருக்கு? "ஒரே கோளாறை மூன்று முறை பழுது பார்த்தும் தீராவிட்டால் வேறு கருவி தரப்படும்." முத்திரை உங்க கடையோடதுதானே?

— எங்களோடதுதான். ஆனா போன தாஹ்சாஸ் மாசம் ஒரு தடவை மாத்திக் கொடுத்தாச்சேக்கா.

— கொடுத்த, கொடுத்த. அந்த முதல் லேப்டாப் கண்ணைத் திறக்கலன்னு கொண்டுவந்தேன். உள்ள எடுத்துட்டுப் போய் அஞ்சு நிமிஷத்துல வெளிய வந்த. வந்து என்ன சொன்ன?

— ஹார்ட் டிஸ்க் எரிஞ்சுபோச்சுன்னு.

— சாம்பல்னு சொன்ன. "எல்லாம் சாம்பல்க்கா, ஒண்ணும் எடுக்க முடியாது." என் மூணு வருஷம் தம்பி அது! காட்டுல நின்னு நோட்டுல எழுதினதையெல்லாம் அதுலதான் ஏத்தி வெச்சிருந்தேன். காட்டுக் காப்பி மரம் நாலாயிரத்தை ஒவ்வொண்ணா அளந்தேன். எத்தனை உயரம், எத்தனை கிளை, எந்த மரத்துக்கு நோய், எந்த மரம் நோயைத் தாங்கிக்கிட்டு நிக்குதுன்னு. எறும்பு கடிச்சுது. குரங்கு என் சாப்பாட்டு மூட்டையைத் தூக்கிட்டு மரத்து மேல ஏறி, என் கண்ணு முன்னாடியே தின்னுச்சு. அதைக்கூட மன்னிச்சுட்டேன். உன்னை மன்னிக்க முடியல.

— ஒரு நகல் எடுத்து வெச்சிருக்கலாமேக்கா.

— வெச்சேன். பென்டிரைவ் பையோட சேந்து கோஜெப் ஆத்துல போச்சு. பையைப் பிடிக்கறதா, கரையைப் பிடிக்கறதான்னு ஆனப்ப கரையைப் பிடிச்சேன். நீ சாம்பல்னு சொன்ன அன்னிக்கு, பையையே பிடிச்சிருக்கலாமோன்னு தோணிடுச்சு.

— ஐயோ, அப்படியெல்லாம் பேசாதீங்க.

— மழையில நனைஞ்சது போக நோட்டு பாதிதான் மிச்சம். அதைப் பாத்துப் பாத்து மறுபடி அடிக்கறேன். நீ கொடுத்த இந்த ரெண்டாவது சனியன் தூங்கித் தூங்கி எந்திரிக்குது. மெஸ்கெரெம் மாசம் பத்துக்குள்ள ஆய்வைக் கொடுக்கலன்னா பல்கலைக்கழகத்துல என் பேரை அடிச்சுடுவாங்க. இன்னிக்கு பகுமே மூணு. மூணே நாள்ல புது வருஷம் பொறக்குது. ஊர்ல அவனவன் பண்டிகைக்குக் கோழி வாங்கறான், நான் உன் முகத்தைப் பாத்துக்கிட்டு நிக்கறேன்.

— இஷி... சிக்கலே அந்த பகுமேலதான்.

— என்ன சிக்கல்?

— வாங்கின தேதி வருஷத்து முதல் மாசம், மெஸ்கெரெம் ரெண்டு. நடுவுல மாத்திக் கொடுத்தாலும் கணக்கு அந்தத் தேதியில இருந்துதான். உத்தரவாதம் பன்னிரண்டு மாசம், மாசத்துக்கு முப்பது நாள். எண்ணிப் பாருங்க, முந்தாநாளோட முடிஞ்சுது.

— இன்னும் வருஷமே முடியலையேடா!

— வருஷத்துக்குப் பதிமூணு மாசம்க்கா. அட்டையில பன்னிரண்டுதான் போட்டிருக்கு. பகுமே பதிமூணாவது.

— அஞ்சு நாள் ஒரு மாசமா? என் தலைவலியே அதைவிட நீளமா இருக்கும்.

— காலண்டர்ல தனிப் பேர் இருக்கு, தனிப் பக்கம் இருக்கு. நான் என்னக்கா பண்ணட்டும்? கம்பெனி விதி.

— ஓஹோ. ஷிஃபராவ், ஒண்ணு கேக்கறேன், மரியாதையா பதில் சொல்லு. பகுமே மாசத்துக்கு உனக்குச் சம்பளம் உண்டா?

— அது வந்துக்கா...

— உண்டா, இல்லையா?

— இல்ல. போன மாசம் நேஹசேல வாங்கினதோட சரி. இனிமே மெஸ்கெரெம் கடைசியிலதான்.

— ஏன் இல்ல?

— பகுமேயைப் போய் யாரு ஒரு மாசமா...

— சொல்லு. ஏன் நிறுத்திட்ட? வாய் வரைக்கும் வந்துடுச்சு, துப்பிடு.

— நான் குடியிருக்கற வீட்டோட சொந்தக்காரன் பேராசை பிடிச்சவன், கண்ணு. சுவத்துல ஆணி அடிச்சாக்கூடக் காசு கேப்பான். அவனே பகுமேக்கு வாடகை கேக்கறதில்ல. "அது மாசமில்ல பிர்க்கே, வருஷத்தோட வாலு"ம்பான்.

— கேட்டியா ஷிஃபராவ்? சம்பளத்துக்கு மாசமில்ல. வாடகைக்கு மாசமில்ல. என் லேப்டாப்புக்கு மட்டும் மாசமா? வா, உன் முதலாளிகிட்டயே போவோம். பகுமே மாசம்தான்னு அவர் வாயால சொல்லட்டும். சொன்னாருன்னா உனக்கும் உள்ள வேலை பாக்கற அத்தனை பேருக்கும் ஒரு மாசச் சம்பளம் எடுத்து வைக்கணும்.

— அக்கா, மெதுவா! மாடியிலதான் இருக்கார்.

— அது தெரிஞ்சுதானே சத்தமா பேசறேன்.

— இஷி! இஷி. உள்ள போய்ப் பாக்கறேன். சத்தம் போடாம இருங்க.

— போயிட்டானா பிர்க்கேம்மா?

— போயிட்டான். கழுத்தெல்லாம் வேர்த்துப்போச்சு அவனுக்கு. உன்னைக் கட்டினவன் பாவம், கண்ணு.

— அவரும் அதையேதான் சொல்றார்.

— இன்னொரு கப்பு ஊத்தறேன். இது மூணாவது. ஆசீர்வாதமெல்லாம் மூணாவது கப்புலதான். குடிக்காம எந்திரிச்சுடாத.

— ஆசீர்வாதத்தை வெச்சு நான் என்ன பண்ண? லேப்டாப் வரட்டும்.

— வந்தாச்சுக்கா! இந்தாங்க, புத்தம் புதுசு. பெட்டியே பிரிக்கல. இங்க ஒரு கையெழுத்து, கிளம்புங்க.

— டேப்பு மேல டேப்பு ஒட்டியிருக்கே?

— கோடவுன்ல ஈரம். விட்டுப்போயிருக்கும், திருப்பி ஒட்டியிருப்பாங்க.

— நான் சூடு கண்ட பூனை, தம்பி. திறந்து பாத்துட்டுத்தான் கையெழுத்து.

— தாராளமா பாருங்க. சார்ஜரைச் சொருகியாச்சு, பட்டனை அமுக்குங்க. முதல்ல எந்த மொழின்னு கேக்கும். அப்புறம் எந்த நாடுன்னு கேக்கும். அப்புறம் உங்க பேரைக் கேக்கும்.

— கேக்கல.

— எது கேக்கல?

— பேரைக் கேக்கல தம்பி. பேரைச் சொல்லுது.

— சொல்லுதா?

— இந்தப் பக்கம் வா. பிர்க்கேம்மாவுக்கும் கேக்கற மாதிரி வாசி.

— "வருக... வொய்ன்ஷெத்."

— அடேய், அது இந்தப் பொண்ணு பேராச்சே! புது மிஷினுக்கு எப்படிடா தெரியும்?

— அக்கா, சத்தியமா எனக்குத் தெரியாது. தாஹ்சாஸ்ல உங்க பழசைக் கோடவுனுக்கு அனுப்பினேன், அவ்வளவுதான். அங்க ஏதோ வயர் விட்டுப்போனதைச் சொருகிட்டு, அப்படியே பெட்டியில போட்டு அனுப்பிட்டாங்க போல.

— அப்ப சாம்பல்?

— அக்கா...

— அஞ்சு நிமிஷம் உள்ள போனியே. திறந்தாவது பாத்தியா?

— அன்னிக்கு ஒரே கூட்டம்க்கா. எரிஞ்சுபோச்சுன்னு சொன்னா யாரும் மறு கேள்வி கேக்க மாட்டாங்க.

— ஒன்பது மாசம்டா பாவி. ஒன்பது மாசம் நான் அழுதிருக்கேன்.

— தப்புதான். காலைப் பிடிச்சுக்கறேன், முதலாளிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. கண்ணாடிக்குள்ள வெச்சிருக்கற புதுசையே எடுத்துத் தரேன், உங்க கண்ணு முன்னாடி பிரிச்சுத் தரேன். இதை இப்படிக் கொடுங்க... என்னக்கா அடிக்கறீங்க?

— என் பொண்ணு பேரு.

— எதுக்கு?

— அதுதான் பாஸ்வேர்டு.

— கண்ணு, எதுக்கு இப்படி அழற? டேய், என்னடா பண்ணின அவளை?

— நான் ஒண்ணும் பண்ணல பிர்க்கேம்மா, திரையைப் பாத்துட்டு அவங்களா அழறாங்க! அக்கா, போதும்க்கா. அந்த ஓட்டை லேப்டாப்பை இப்படிக் கொடுங்க.

— கை வெச்ச, விரலை ஒடிச்சுடுவேன்.

— மாத்திக் கொடு, மாத்திக் கொடுன்னுதானே ஒரு வருஷமா என் உயிரை எடுக்கறீங்க? இப்ப மாத்தித் தரேங்கறேன், கொடுங்களேன்!

— மாத்தாத தம்பி. என் நாலாயிரம் மரமும் இதுக்குள்ள உசுரோட நிக்குது.