பக்கத்து அறைச் செருப்பு

"ஓசூர்ல தனியா இருந்துடுவியா?" என்று நான் கிளம்பியபோது அத்தை கேட்டாள். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். இரண்டு வருடம் இருந்து காட்டிவிட்டேன்.

நேற்று பேரிகை ஊரிலிருந்து ஓசூர் திரும்பும் பேருந்தில் என் முன் இருக்கையில் கையில் மாவுக்கட்டோடு ஒரு பெண். பக்கத்தில் ஃபைலோடு இன்சூரன்ஸ் விசாரணைக்காரர்.

"மாடிப்படில நீங்க வழுக்கி விழவே இல்லன்னு வீட்டு ஓனர் சொல்றாரும்மா. யாராச்சும் பாத்தாங்களா?"

"பக்கத்து ரூம் அக்காதான் சார் தூக்கி விட்டாங்க."

"பேரு?"

"தெரியாது சார். அவங்களுக்கு நைட் ஷிப்ட், எனக்குப் பகல். ஒரு வருசமா வாசல்ல செருப்பைத்தான் பாத்திருக்கேன். இப்ப ரூமையும் காலி பண்ணிட்டாங்க."

"செருப்பைச் சாட்சின்னு எழுத முடியாதும்மா."

"அப்ப நான் விழவே இல்லன்னு ஆயிருமா சார்?"

அவர் ஃபைலை மூடினார்.

நான் அறைக்குத் திரும்பியபோது என் பக்கத்து அறை வாசலில், இரண்டு வருடமாக ஆள் யாரென்று தெரியாமலே நான் பார்த்துவரும் நீலச் செருப்பு கிடந்தது. கதவைத் தட்டினேன்.