கச்சான் நிற்கட்டும்

பெயர் ஜேசுபாதம், வயது 53, தகப்பனார் பெயர் காலஞ்சென்ற தேவசகாயம், இருப்பு நாசரேத். படிப்பு எம்.எஸ்சி. வேளாண்மை, விதையியல். தொழில், தூத்துக்குடி துறைமுகச் சாலையில் ஏற்றுமதிச் சரக்குகளுக்குப் பூச்சி மருந்துப் புகை வைக்கும் தனியார் நிறுவனமொன்றில் தொழில்நுட்ப உதவியாளர். பதினெட்டு வருடமாக உதவியாளர்தான். அதை அப்படியே பதியும்படி கேட்டுக்கொண்டேன்.

நான் இதைச் சொல்லக் கட்டாயம் எதுவும் இல்லை என்றும், சொன்னால் எனக்கு எதிராகவே பயன்படலாம் என்றும் குற்றவியல் நடுவர் அவர்கள் எடுத்துச் சொன்னார்கள். யோசித்துக்கொள்ள அரை மணி நேரம் கொடுத்தார்கள். அந்த அரை மணி நேரமும் நான் உட்காரவில்லை. தலைக்கு மேல் ஓடிய மின்விசிறியை மட்டும் நிறுத்தச் சொன்னேன்.

நமது நாடும் இலங்கையும் செய்துகொண்ட விதை ஒத்துழைப்புத் திட்டத்தின்கீழ், கிளிநொச்சி விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் ஒன்றுக்கு அனுப்பவேண்டிய நானூறு மூட்டை விதை நிலக்கடலை 2024 செப்டம்பர் மாதம் எங்கள் யார்டுக்கு வந்தது. திட்டத்துக்கு எங்கள் நிறுவனம் கொடுத்த தொழில்நுட்பக் குறிப்பை எழுதியவன் நான். அதன் அடியில் கையெழுத்து முதலாளியுடையது. யார்டு மேனேஜர், மீனவர் ஊரான கீழவைப்பாரைச் சேர்ந்த கிளாட்வின். 2009-இல் தார்ப்பாய் இழுக்கும் வேலைக்கு வந்தவர், பத்தாம் வகுப்பு வரை படித்தவர். நான் சொல்லிக்கொடுத்துத்தான் காஸ் அளவு பார்க்கப் பழகினார். மூன்று வருடமாக என் விடுப்புக் கடிதத்தில் அவர்தான் கையெழுத்துப் போடுகிறார்.

ஒப்பந்தத்தில் மீதைல் புரோமைடு காஸ் என்று இருந்தது. தின்னும் கடலைக்கு அது சரி. விதைக் கடலைக்கு அந்தக் காஸ் ஆகாது, முளைப்பைக் கொன்றுவிடும். என் முதுகலை ஆய்வேடே இதைப் பற்றியதுதான். ஆகவே காஸுக்குப் பதில் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைக்கலாம், ஏழு நாள் ஆகும் என்று முதலாளிக்கு எழுதிக் கொடுத்தேன். முதலாளி அதைக் கிளாட்வினிடம் தள்ளினார். கப்பல் தேதி நெருங்கியிருந்தது. கிளாட்வின் ஆட்கள் எல்லோர் முன்பாகவும், "ஏழு நாளைக்கு மாத்திரை குடுக்கதுக்கு இதென்ன காய்ச்சலா சாரு?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் அதன்பிறகு எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை.

20-ந் தேதி வெள்ளிக்கிழமை காலையில் மூட்டைகளைத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். அன்றைக்குக் கச்சான் காற்று கடுமையாக இருந்தது. தார்ப்பாய் ஓரத்தில் வைத்த மணல் பைகளையே அது புரட்டிப் போட்டது. அந்தக் காற்றில் காஸ் திறந்தால் தங்காது என்பது யார்டில் எல்லோருக்கும் தெரியும். அதன்பிறகு சுமார் பதினொரு மணிக்கு, சங்கத்துக்குப் பொறுப்பான இலங்கை விவசாய அலுவலர் சிவகௌரி என்பவர் கிளாட்வினின் கைபேசிக்குக் குரல் செய்தி ஒன்று அனுப்பினார். கிளாட்வின் அதை என் பக்கத்தில் நின்று மூன்று தடவை போட்டுக் கேட்டார். செய்தி இதுதான்: "மருந்து இப்ப வைக்க வேண்டாம். கச்சான் நிக்கட்டும். நான் திங்கக்கிழமை கதைக்கிறன்."

கிளாட்வின் சிரித்தார். "கேட்டீரா சாரு, கடலுக்கு அந்தப் பக்கமும் கச்சானப் பத்தித்தான் பேசுதாவ" என்றார். அதன்பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "கச்சான் நின்ன பெறவு வைக்கச் சொல்லுதாவ, அப்படித்தான சாரு?" என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

நான் 2016-இல் பயிற்சிக்காகக் கிளிநொச்சியில் ஒன்பது நாள் தங்கியிருக்கிறேன். அங்கே பேருந்து நிறுத்தத்தில் காகிதச் சுருளில் வறுத்த கச்சான் வாங்கித் தின்றிருக்கிறேன். அங்கே கச்சான் என்று விற்பது நிலக்கடலை. அந்த அம்மாள் தம் கடிதங்களில் எல்லாம் நிலக்கடலை என்றே எழுதியிருந்தார். பேசும்போது வாயில் வீட்டுச் சொல் வந்துவிட்டது. கடலைக்கு மருந்து வைக்காமல் நிறுத்தி வையுங்கள் என்பதுதான் செய்தி. மாத்திரை யோசனை அவருக்கும் வந்திருக்க வேண்டும்.

நான் கிளாட்வினுக்குச் சொன்ன பதில்: "கடல்காரன் நீ. உனக்குத் தெரியாத காத்தா?"

அதில் பொய் எதுவும் இல்லை என்று இதுவரை எனக்கு நானே சொல்லி வந்தேன்.

22-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை காற்று விழுந்தது. கிளாட்வின் முதல் பூசை முடிந்து நேராக யார்டுக்கு வந்து காஸ் திறந்தார். அதற்கு முன்பு ஒரு மூட்டையிலிருந்து நூறு விதை எடுத்துத் தனியே வைத்தேன். மறுநாள் தார்ப்பாய் எடுத்த பிறகு அதே மூட்டையிலிருந்து இன்னொரு நூறு எடுத்தேன். அன்று சாயங்காலமே சரக்கு கப்பலுக்குப் போய்விட்டது. சிவகௌரி என்பவர் திங்கட்கிழமை பேசவில்லை. அந்த வாரமே மட்டக்களப்புக்கு மாற்றலாகிப் போனதாகப் பின்னால் அறிந்தேன்.

இரண்டு நூறையும் வீட்டில் இரண்டு மணல் தட்டில் ஊன்றி வைத்தேன். தினமும் விடிந்தவுடன் போய்ப் பார்ப்பேன், வேலைக்குப் புறப்பட்டுச் செருப்பு மாட்டிய பிறகும் திரும்பி வந்து பார்ப்பேன். செப்டம்பர் 30-ந் தேதி எண்ணியபோது முதல் தட்டில் தொண்ணூற்றிரண்டு முளைத்திருந்தன. இரண்டாம் தட்டில் ஒன்பது. கிளிநொச்சியில் விதைப்பு அக்டோபர் 17-ந் தேதிதான். இடையில் பதினேழு நாள் இருந்தது. சங்கத்தின் தொலைபேசி எண் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியிலேயே இருந்தது. இரண்டு தடவை எண்ணை அழுத்தி, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். அவர்களே வந்து என்னிடம் கேட்கட்டும் என்று இருந்தேன்.

விதை முளைக்கவில்லை, அந்தப் போகம் தரிசாகப் போயிற்று. நல்ல விதையை எடுத்துக்கொண்டு எண்ணெய்க்கு ஆட்டும் பழைய கடலையை மாற்றி அனுப்பிவிட்டார்கள் என்று சங்கத்திலிருந்து புகார் வந்தது. சரக்கு வைக்கும் கிட்டங்கிச் சாவி கிளாட்வினிடம் இருந்ததால் நவம்பர் 24-ந் தேதி அவரைக் கைது செய்தார்கள். போலீசார் என்னை விசாரித்தபோது சாவியைப் பற்றி மட்டும் கேட்டார்கள். நானும் சாவியைப் பற்றி மட்டும் சொன்னேன்.

டிசம்பர் 1-ந் தேதி கிளாட்வினின் மனைவி பிலோமி என்பவர் நாசரேத்தில் என் வீட்டுக்கு வந்தார். மருந்து வைக்க இரண்டு நாள் தாமதித்தது மூட்டையை மாற்ற அல்ல, காற்று நிற்கட்டும் என்று இலங்கையிலிருந்தே சொன்னதால்தான் என்பதற்குத் தன் கணவரின் கைபேசியில் சாட்சி இருப்பதாகவும், போலீஸ் ஸ்டேஷனில் அதைக் கேட்டுவிட்டு ஒதுக்கிவிட்டதாகவும், நான் ஒரு மனு எழுதித் தரவேண்டும் என்றும் கேட்டார். அந்தக் குரல் செய்தியை மறுபடி போட்டார். அதன்பிறகு, "அவிய செயில்ல சொன்னாவ அண்ணாச்சி. ஜேசுபாதம் சாரு பக்கத்துலதான் நின்னாரு, நான் தப்பா வெளங்கியிருந்தா அப்பமே சொல்லியிருப்பாருன்னு சொன்னாவ" என்றார். முளைத்த தட்டும் முளைக்காத தட்டும் அவர் உட்கார்ந்திருந்த ஜன்னலுக்கு வெளியேதான் இருந்தன. நான் மனு எழுதவில்லை. நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். மறுநாளும் போகவில்லை. இன்று 3-ந் தேதி இந்த நீதிமன்றத்துக்கு வந்திருக்கிறேன்.

கிளாட்வின் விதையை மாற்றவில்லை. போன நானூறு மூட்டையும் வந்த நானூறு மூட்டைதான். இரண்டு தட்டுகளையும், தேதிவாரியாக எண்ணி எழுதிய நோட்டுப் புத்தகத்தையும் இத்துடன் ஒப்படைத்துள்ளேன்.

மேலே கண்டதைத் தட்டச்சர் எனக்கு வாசித்துக் காட்டினார். குரல் செய்தியில் "கச்சான் நிக்கட்டும்" என்று நான் சொன்ன இடத்தில் அவர் "கச்சான் காற்று நிக்கட்டும்" என்று அடித்திருந்தார். காற்று என்ற சொல்லை எடுக்கச் சொன்னேன். "கச்சான்னா காத்துதானய்யா?" என்று கேட்டார். அந்த அம்மாள் சொன்னது காற்றை அல்ல என்று சொன்னேன். அந்தச் சொல்லை அடித்து, ஓரத்தில் சுருக்கொப்பம் இட்டேன்.

இது என் வாயால், யாருடைய தூண்டுதலும் இல்லாமல் நான் சொன்னது. கூட்டியது ஒன்றும் இல்லை, குறைத்தது அந்த ஒரு சொல்தான். வாசிக்கக் கேட்டு, சரியென ஒப்புக்கொண்டு கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)
தே. ஜேசுபாதம்
தூத்துக்குடி, 3.12.2024