நாலு சக்கரத்துக்கும் சம உரிமை

— போதும், அழுத்தாதீங்க. சக்கரம் சுத்தச் சுத்தக் குழிதான் ஆழமாவுது.

— நான் என்ன பண்றது பாக்கியம்? பத்தரைக்கு மாயவரம் கோர்ட்ல நிக்கணும். இந்தக் கார்ல முன்சக்கரம் ரெண்டும்தான் இழுக்குது. பின்னாடி ரெண்டும் சும்மா கூட வருது.

— நானும் அப்படித்தான் வர்றேன். வண்டிய மட்டும் ஏன் திட்டுறீங்க?

— கிண்டல் பண்ணாத. நாலு சக்கரமும் இழுக்குற வண்டி இருக்கு. அரை வயலை வித்தாத்தான் வாங்கலாம். காசுள்ளவன் அதை வாங்கி வழவழன்னு இருக்குற தார் ரோட்டுல ஓட்டுறான். சேத்துல கிடக்குறவன் வாங்குற சின்ன வண்டியில அது கிடையாது. இது என்ன நியாயம்?

— மேடையில பேசுற மாதிரியே இருக்கு.

— பேசத்தான் போறேன். ஷோரூம்காரன் என்ன சொன்னான் தெரியுமா? வெயிட் ஏறுமாம், மைலேஜ் குறையுமாம், விலை கூடுமாம். சின்ன வண்டிக்கு அது தேவையில்லையாம். நம்ம தேவையை அவன் யாரு முடிவு பண்ண? கட்சியில இத்தனை வருஷம் எதுக்குக் கத்தினோம்? நாலு சக்கரத்துக்கும் சம உரிமை வேணும்! என்ன, சிரிக்கிறே?

— ஒண்ணுமில்ல. ‘சமத்துவச் செம்மல் அமிர்தலிங்கம்’னு உங்களுக்குப் போஸ்டர் ஒட்டினாங்களே, அதை நெனச்சுக்கிட்டேன்.

— அதுக்கென்ன இப்ப?

— பஞ்சாயத்துல ரோடு போட வந்தப்ப விட்டிருந்தா இந்த வண்டியே போதுமேங்க.

— நாலடி வயல் போயிடும். அதோட விட்டுதா? ரோடு நேரா தெற்குத் தெருவுக்குப் போவும். நாளைக்கு அவனவன் நம்ம வாசல் வழியா ஆட்டோவுல போவான்.

— போனா என்னங்க?

— உனக்குப் புரியாது. இன்னிக்குக் கூண்டுல ஏறி, ‘வழி விட சம்மதமில்லை’ன்னு ஒரு வார்த்தை சொல்லு. மத்ததை வக்கீல் பாத்துக்குவார்.

— பின்னாடி பைக்கு வருது. தெற்குத் தெரு நல்லக்கண்ணு.

— அவனா? ரோட்டுக்கு நாம வாங்கின தடையை எடுக்கச் சொல்லிக் கேஸ் போட்டவனாச்சே! கண்ணாடிய ஏத்து.

— ஐயா, மாட்டிக்கிச்சா?

— இல்ல. சும்மா நிறுத்தியிருக்கேன்.

— சக்கரம் பாதி உள்ள போயிடுச்சுங்களே. டிராக்டர் வந்தாத்தான் கிளம்பும். எல்லாம் தாளடி உழவுல நிக்குது.

— உன் பைக்கு மட்டும் எப்படி வந்துது? அதுல ஒரே ஒரு சக்கரம்தானே இழுக்குது?

— பாதி தூரம் நான்தாங்க இழுத்துக்கிட்டு வந்தேன்.

— சரி, நீ போ. நாங்க வரலேன்னா தடையை எடுத்துருவேன்னு ஜட்ஜ் சொல்லியிருக்கார். உனக்குக் கொண்டாட்டம்தான்.

— போன தடவையும் அப்படித்தாங்க சொன்னார். உங்க வக்கீல் எழுந்திரிச்சு, அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னார். இன்னொரு வாய்தா. என் பொண்டாட்டி செவ்வந்திக்குப் பிரசவத்துக்குக் கார்த்திகையில நாள் சொல்லியிருக்காங்க. ஆம்புலன்ஸ் மதகைத் தாண்டி வராது. இன்னிக்கு முடிஞ்சா கிராவலாவது கொட்டிடுவாங்க. அதான், மறுபடி வாய்தா விழாம இருக்க உங்கள்ல ஒருத்தரை ஏத்திக்கிட்டுப் போலாம். வாங்கய்யா.

— நான் வந்து என்ன பிரயோசனம்? நிலம் இவ பேர்ல இருக்கு. உச்சவரம்புச் சட்டம் வந்தப்ப எங்கப்பா மருமக பேருக்கு மாத்தினது.

— மாமனார் மாத்தினப்ப, உச்சவரம்பு வேணும்னு ஊர் ஊரா மைக் பிடிச்சது நீங்கதான்.

— இப்ப அதைப் பேசுற நேரமா? ஏறு பாக்கியம். புடவைய ஒதுக்கிக்க.

— இவன்கூடவாங்க?

— வேற வழி?

— அம்மா, கம்பியைப் பிடிச்சுக்குங்க. வழுக்கும்.

— நீங்க என்னங்க பண்ணுவீங்க?

— காருக்குக் காவல் இருக்கேன். சொல்லிக் கொடுத்தது ஞாபகம் இருக்குல்ல? ஜட்ஜ் கேட்டா என்ன சொல்லுவே?

— ‘அவரும் வரத்தான் கிளம்பினாருங்க. வழியெல்லாம் ஒரே சேறு, வர முடியல’ன்னு சொல்லுவேன்.