குள்ளருக்கு மந்திரம் கிடையாது

இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, மேடம். அடியில் காகிதம் மடித்து வைக்கலாமா? ஆடிக்கொண்டே இருந்தால் எனக்குப் பேச்சு ஓடாது. ஸ்டேஷனில் இதையெல்லாம் யாரும் பார்ப்பதில்லை போலிருக்கிறது.

என் வேலையைக் கேட்டீர்கள். வீடியோ கேம் கம்பெனியில், ஆட்டத்தில் யாருக்கும் பலம் கூடிப்போகாமல் சமன் பார்ப்பவன் நான். எங்கள் கேமில் ஆடுபவர் முதலில் ஓர் இனத்தையும் ஒரு தொழிலையும் தேர்ந்தெடுக்க வேண்டும். குள்ளருக்கு உடல் பலம் உண்டு, மந்திரம் கிடையாது. வனத்தாருக்கு வில் வரும், இரும்புக் கவசம் ஏறாது. இந்தத் தடைகளையெல்லாம் மூன்று வருடம் உட்கார்ந்து அட்டவணை போட்டவன் நான். ஒருவனுக்கே எல்லாம் கிடைத்தால் மற்றவன் எதற்கு ஆட வேண்டும், சொல்லுங்கள்.

தம்பியும் அங்கேதான் ஓவியன். படம் வரைவான், பாடுவான், கணக்கும் போடுவான். எல்லாமே அவனுக்குத் தண்ணி பட்ட பாடு. எனக்கு அட்டவணை ஒன்றுதான் வரும்.

ஒரு மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் சிரித்துக்கொண்டே கேட்டான். "அண்ணா, குள்ளன் மந்திரம் கத்துக்கிட்டா உனக்கு என்ன குறைஞ்சு போச்சு? யார் வேணா என்ன வேணா ஆகட்டுமே."

கை தட்டினார்கள். மேனேஜர் அன்றைக்கே தடைகளை எல்லாம் எடுக்கச் சொல்லிவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது, மறைக்கவில்லை. ஆனால் நான் செய்தது பொறாமையில் அல்ல. தடை என்றால் என்ன என்றே தெரியாதவன் தடையைப் பற்றிப் பேசினான். அதைச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

அவனுக்கு இரண்டு கண்ணிலும் அழுத்தம் உண்டு. வலிக்காது, ஆனால் கவனிக்காமல் விட்டால் நரம்பு செத்துவிடும், போன பார்வை திரும்பாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தினமும் காலையில் மருந்து இரண்டு சொட்டு விட்டால் போதும். அவனுக்கு மறதி, தானே ஊற்றினால் சொட்டு விழுமுன் இமையும் மூடிக்கொள்ளும். எல்லாரும் ஒரே வீடுதான், ஆனால் அவன் பெண்டாட்டி விடியுமுன்னே வேலைக்குக் கிளம்பிவிடுவாள். "நீயே ஊத்துண்ணா" என்று என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொள்வான்.

எங்கள் தொழிலில் ஒரு முறை இருக்கிறது. ஒரு பலத்தை ஒரேயடியாகக் குறைத்தால் ஆடுபவர்கள் கத்தித் தீர்ப்பார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால், இன்றைக்கு நமக்குத்தான் கை ஓடவில்லை என்று தங்களையே நொந்துகொள்வார்கள். அதனால் முதல் வாரம் ஒரு நாள் மட்டும் மருந்துக்குப் பதில் உப்புத் தண்ணீர். அடுத்த வாரம் இரண்டு நாள். ஏழாவது வாரத்திலிருந்து தினமும். காய்ச்சி, ஆறவைத்து, வடிகட்டித்தான் ஊற்றினேன். அழுக்குத் தண்ணீரை ஊற்ற நான் என்ன கொலைகாரனா?

அவனும் அந்த ஆடுபவர்களைப் போலத் தன்னையேதான் நொந்துகொண்டான். கதவில் இடித்துக்கொண்டு, "சரியாத் தூங்கலண்ணா, அதான்" என்பான். படத்தின் ஓரங்கள் வெறுமையாக வர ஆரம்பித்தன. புதுப் பாணி என்று மேனேஜர் பாராட்டினார். எனக்கு மட்டும் உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் போய் அவன் திரையை எட்டிப் பார்த்துவிட்டு வருவேன்.

இப்படிப் பதினோரு மாதம் ஓடியது. கண் டாக்டர், "மருந்து விடுறதே இல்லையா?" என்று அதட்டினாராம். "எங்கண்ணன் ஒரு நாள்கூட தவறவிட்டதில்ல டாக்டர்" என்று இவன் சண்டைக்குப் போயிருக்கிறான். அவன் பெண்டாட்டிதான் மருந்துக் குப்பியை எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்தாள். ஆமாம் மேடம், நான்தான் ஊற்றினேன். அவன் கண்ணை எடுத்தது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

ஒன்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றைக் குறைத்தால் ஈடாக இன்னொன்றைக் கூட்டித் தருவதுதான் நியாயம். நான் தரவில்லையா? கை பிடித்துப் பஸ் ஏற்றிவிட்டேன், தட்டில் எது எங்கே இருக்கிறது என்று சொன்னேன், சட்டைப் பித்தானைப் போட்டுவிட்டேன். இந்த ஒரு மாதமாகத்தான் அவன் எதற்கெடுத்தாலும் "அண்ணா, அண்ணா" என்று கூப்பிடுகிறான். சின்ன வயதில்கூட அப்படிக் கூப்பிட்டதில்லை. என்னைச் சீக்கிரம் அனுப்பிவிடுங்கள் மேடம், நான் பக்கத்தில் இல்லாவிட்டால் அவன் தவித்துப்போவான்.